மூடியில் இல்லாமற்போன கீறல்கள்

மேலதிக வாக்குமூலம்

பெயர்: அப்துல் ஸமட் நபீலா
வயது: 34
விலாசம்: கடற்கரை வீதி, கல்முனைக்குடி
தொழில்: புகைப்படம் பிடித்தல்
திகதி: 2025 பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை

நான் மேற்படி விலாசத்தில் என் உம்மா சுஹறாவுடனும் தம்பி ஜெஸீமுடனும் வசித்து வருகிறேன். என் கணவர் கட்டாரில் தொழில் புரிகிறார். வாப்பா உயிருடன் இல்லை. நேற்று இதே பொலிஸ் நிலையத்துக்கு வந்து, பாண்டிருப்பில் லெப்டொப் திருத்தும் கடை வைத்திருக்கும் கோகுலன் என்பவருக்கு எதிராக முறைப்பாடு ஒன்றைச் செய்தேன். அவர் என் லெப்டொப்பின் மூடியை மாற்றிவிட்டார் என்றும், உள்ளே இருந்த படங்களைக் களவாகப் பிரதி எடுத்தார் என்றும் அதில் கூறியிருந்தேன். நான் கண்டதாகச் சொன்னவை அனைத்தும் உண்மை. கண்டவற்றிலிருந்து நான் எடுத்த முடிவுதான் பிழை. ஆகையால் இதை என் சுயவிருப்பத்தின் பேரில் சொல்லவருகிறேன்.

நான் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் மட்டும் படம் பிடிப்பவள். எங்கள் ஊர்களில் அந்தப் பக்கத்துக்கு ஆண் படப்பிடிப்பாளரை விடுவதில்லை. அங்கே பெண்கள் முக்காட்டைக் கழற்றி, முடியை விரித்து, நகை போட்டு, தங்களுக்குள் சிரித்துப் பேசி இருப்பார்கள். அந்தப் படங்கள் அமானிதம், என்னை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. அல்பம் அடித்துக் கொடுத்த பின்னர், வீட்டார் சொல்லும்வரை அவற்றை என் லெப்டொப்பில் பூட்டி வைத்திருப்பேன். என்னைக் கூப்பிடுகிறவர்கள் என் படத்தின் அழகைப் பார்த்து மட்டும் கூப்பிடுவதில்லை. நபீலாவிடம் போனால் வெளியே போகாது என்ற ஒரு சொல்லை நம்பிக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லில்தான் என் சோறு வேகிறது.

அந்த லெப்டொப் வெள்ளி நிறத்தில் அலுமினிய உடம்புள்ளது. கணவர் கட்டாரில் ஒருவர் பாவித்ததை வாங்கி அனுப்பியது. அதன் மேலிருந்த அடையாளங்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். மூடியின் நடுவில் வளைந்த கீறல் ஒன்று இருந்தது. அது ஒரு மணப்பெண்ணின் சாரிப் புறோச் ஊசி இழுத்தது. விசைப்பலகைக்குக் கீழே இடது பக்கம் என் காப்பு உரசி உரசி மேற்பூச்சுப் போய், உள்ளே இருந்த வெள்ளை மினுங்கியது. சார்ஜர் குத்தும் துளையைச் சுற்றி, கடற்காற்று பட்டு, சிறு சிறு வெள்ளைப் பருக்கள் எழும்பியிருந்தன. மூலையில் ஒரு நசிவு. ஒலுவிலில் ஒரு கலியாண வீட்டுச் சீமெந்துப் படியில் விழுந்தபோது வந்தது. மற்றவர்கள் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பார்கள். நான் ஒட்டவில்லை. தம்பி ஜெஸீம் இதை மீன் சட்டி என்று கேலி பண்ணுவார். பண்ணினால் பண்ணட்டும் என்று விட்டிருந்தேன்.

ஜெஸீமுக்கு வயது இருபத்தேழு. அண்மையில் சாய்ந்தமருதில் இருந்து ஒரு பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். வீடும் வளவும் உள்ள பெண். உம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. பெண் வீட்டார் படம் கொடுக்க மாட்டார்கள். நாள் வைத்து, வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் மூத்த சகோதரியுடைய கலியாணத்தை நான்தான் பிடித்தேன் என்பது ஜெஸீமுக்குத் தெரியும். அவர் என்னிடம் ஒரு தடவையல்ல, பல தடவை கேட்டார். "ராத்தா, ஒரேயொரு படம். கட்டப்போறது நான்தானே?" என்றார். கட்டிய பின்னர் நாள் முழுக்கப் பார் என்று சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

கடந்த திங்கட்கிழமை லெப்டொப்பின் பெற்றரி சார்ஜ் நிற்காமற் போனதால், பாண்டிருப்புக்கு நானே கொண்டுபோய்க் கோகுலனிடம் கொடுத்தேன். அவரிடம் முன்னரும் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதன் பின்னர் வியாழக்கிழமை நற்பிட்டிமுனையில் ஒரு கலியாணம் பிடிக்கப் போனேன். நோன்பு நெருங்கிவிட்டதால் எல்லாரும் அடித்துப் பிடித்துக் கலியாணம் வைக்கிற காலம். மறுநாள் வலீமா விருந்தும் இருந்தபடியால் அங்கேயே தங்கினேன். நான் போன அன்றே லெப்டொப் வேலை முடிந்துவிட்டதாகக் கோகுலன் தொலைபேசியில் சொன்னார். நான் ஜெஸீமுக்குச் சொல்லி, மோட்டார் சைக்கிளில் போய் எடுத்துவந்து என் அறையில் வைக்கச் சொன்னேன். அவர் உடனே ஓம் என்றார். வேறு வேலை என்றால் பத்துக் காரணம் சொல்கிறவர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மேசையில் இருந்த லெப்டொப்பைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். மூடி புதுச்சட்டி மாதிரி வெள்ளையாக மினுங்கியது. புறோச் கீறல் இல்லை. திறந்தேன். என் காப்பு உரசிய இடமும் சுற்றியிருந்த இடமும் ஒரே நிறம். வெள்ளைப் பருக்களும் இல்லை. தூக்கியபோது உள்ளே ஏதோ கிலுக்கென்று ஆடியது. ஆனால் என் பாஸ்வேர்டுக்குத் திறந்தது, என் படங்கள் உள்ளே இருந்தன. அதன் பின்னர்தான் எனக்குப் பயம் பிடித்தது. உள்ளே இருப்பது என்னுடையது, வெளியே இருப்பது வேறு யாருடையதோ என்றால், ஒருவன் இதைக் கழற்றிப் பிரித்து வேறு உடம்பில் போட்டிருக்கிறான். பிரித்தவன் பார்க்காமலா விட்டிருப்பான்?

மூலையில் இருந்த நசிவு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கண்ட இடத்தில் என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூடியை மாற்றியவன் என்னை ஏமாற்ற ஒரு நசிவையும் தட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சந்தேகம் ஒருமுறை தலைக்கேறினால் கண் முன்னால் இருப்பதும் அதற்கே சாட்சி சொல்லும். அன்று கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு பெண் ஏன் சிரித்தாள் என்றுகூட யோசித்தேன்.

அதன் பின்னர் கோகுலனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர், "அக்கா, நான் பெற்றரி மட்டுந்தான் மாத்தினன். மூடியில கை வைக்கவே இல்ல. உங்கட தம்பி எடுக்கக்குள்ளயும் கீறல் எல்லாம் அப்படித்தான் கிடந்தது" என்றார். நான் அதை நம்பவில்லை. பிடிபட்டவன் அடுத்தவன் மேல் போடுகிறான் என்று நினைத்தேன். என் தம்பியைச் சந்தேகிக்க எனக்கு ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. கோகுலனைச் சந்தேகிக்க ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. அவர் பாண்டிருப்புத் தமிழர், நான் கல்முனைக்குடி முஸ்லிம் என்பதும் அதில் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

நான் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றபோது உம்மா தடுத்தார். "வேணாம் மகள், ஊர் முழுக்கக் கதயாப் போகும்" என்றார். மானத்துக்குப் பயந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஜெஸீம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நேற்றுக் காலை நான் இங்கு வந்து முறைப்பாடு கொடுத்தேன். நண்பகலில் நீங்கள் கோகுலனை அழைத்துவந்தீர்கள். அதற்குள் கதை ஊருக்குள் போய், யாரோ சிலர் அவருடைய கடைப் பெயர்ப்பலகைக்குக் கல்லெறிந்ததாகக் கேள்விப்பட்டேன். எறிந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் கையில் கல்லைக் கொடுத்தது என் வாய்தான்.

நேற்றுப் பின்னேரம் கோகுலனின் மனைவி சுலக்சனா எங்கள் வீட்டு வாசல் கடப்படிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வெளியே நின்றபடி, "அக்கா, உங்கட கலியாணப் படங்களப் பாத்து இவருக்கு என்ன ஆகப்போகுது? எங்கட கலியாண அல்பத்தையே இவர் இன்னும் முழுசாப் பாக்கல்ல" என்றார். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அவர் கடப்புக் கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

அதன் பின்னர், நான் சரிதான் என்று எனக்கே நிரூபிக்க லெப்டொப்பை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூடி மடங்கும் இடுக்கில் பஞ்சை விட்டுத் துடைத்தேன். சாம்பல் நிறத்தில் தூள் வந்தது. மூக்கருகே வைத்து மணந்து பார்த்தேன். அடுப்புச் சாம்பல், தேசிக்காய்ப் புளி. இந்த மணம் எனக்குப் பழக்கம். நோன்புக்கு முந்தின கிழமை எங்கள் வீதியில் எல்லா வீட்டுக் கிணற்றடியும் இதே மணம்தான். கஞ்சிப் பானை, சோற்றுச் சட்டி, தட்டு எல்லாவற்றையும் வெளியே இறக்கி, தேங்காய்த் தும்பில் சாம்பலைத் தொட்டு, கறுப்புப் போகும்வரை பெண்கள் தேய்ப்பார்கள்.

உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உம்மா கையைப் பிசைந்துகொண்டு, "சட்டி பானை வெளக்கக்குள்ள இதயும் ஒரு இழுப்பு இழுத்துட்டன் மகள். ஊத்தயாக் கிடந்திச்சி. அலுமினியந்தானே?" என்றார். நான் முதலில் திகைத்தேன், மறுகணம் வாய்விட்டுச் சிரித்தேன், பின்னர் அழுதேன். படங்கள் எங்கும் போகவில்லை என்ற ஆறுதல் என்னை அப்படி ஆட்டியது. ஒருவரைப் பொலிஸ் கூட்டில் அடைத்துவிட்டேனே என்ற வெட்கமும் இருந்தது. ஆறுதல்தான் பெரிதாக இருந்தது. உம்மா, "முன்னுக்கே சொல்லியிருப்பன், நீ கத்துவாய் எண்டு பயந்துட்டன்" என்றார். உடனே இங்கு வரப் புறப்பட்டேன். இருட்டப் போகிறது, விடியப் போகலாம் என்று உம்மா மறித்தார். நானும் நின்றுவிட்டேன். கோகுலன் நேற்றிரவும் இங்கேயே இருந்ததற்கு அதுதான் காரணம்.

அதன் பின்னர் உம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன். உம்மா என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து, "ஒண்டும் பழுதாகல்ல மகள். கீழ இரிக்கிற ஆணி எல்லாம் சரியாத்தான் பூட்டியிரிக்கி" என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். உம்மாவுக்கு அந்தப் பெட்டி திறக்கும் என்பதே தெரியாது. அதன் அடியில் திருகாணி இருக்கிறது என்பதும், அது கழற்றிப் பூட்டப்பட்டது என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். உம்மா தேத்தண்ணியில் சீனி போட்டார். போட்டதை மறந்து மறுபடியும் போட்டார்.

லெப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கமும் தேய்த்து மினுக்கியிருந்தது. ஆனால் ஒரு ஆணியின் பக்கத்தில் நீளமாக, ஆழமாக ஒரு வெட்டு. தும்பு போட்டுத் தேய்த்தும் போகாமல் சாம்பல் நிரம்பிக் கிடந்தது. அதன் பின்னர் மீன் வெட்டும் சின்னக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். அதன் நுனி உடைந்திருந்தது. என் உம்மா தேங்காய்த் திருவலையின் பல்லுக் கொஞ்சம் வளைந்தாலும் வீதிக்குக் கேட்கக் கத்துகிறவர். நுனி போன கத்தியை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை. லெப்டொப்பை ஆட்டினேன். உள்ளே கிலுக்கென்றது. அன்று காலை கோகுலனுக்கு எதிராக நான் சொன்ன அதே சத்தம்.

ஜெஸீம் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார். கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் மறுத்தார். பின்னர் தலையைக் குனிந்தார். வியாழக்கிழமை லெப்டொப்பைக் கடையிலிருந்து எடுத்து வந்ததும், பாஸ்வேர்ட் தெரியாதபடியால், அதைத் தரையில் கவிழ்த்து வைத்து, கத்தி நுனியால் ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்து, தன் கூட்டாளி றாஸிக்கின், போட்டோக் கொப்பி அடிக்கும் கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய் அங்குள்ள கம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டியதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் தரை என்றால் கடல் மணல்தான். மணலில் மூடி அரைபட்டுப் புதுக்கீறல்கள் விழுந்துவிட்டன. அடியிலும் கத்தி வழுக்கிவிட்டது. அதைக் கண்ட உம்மா, மகன் மாட்டிக்கொள்வான் என்று சாம்பலும் தும்பும் எடுத்திருக்கிறார். புதுக்கீறலை அழிக்கப் போய் என் பழைய கீறல்களையும் சேர்த்து அழித்துவிட்டார். அவை இருந்திருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வந்திராது.

ஜெஸீம், "வல்லாஹி ராத்தா, நான் அந்தப் புள்ள ஒராளத்தான் பார்த்தன்" என்று சத்தியம் செய்தார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் அதற்கு முன்னர் கண்டதில்லை. கலியாண வீட்டில் இருந்த அத்தனை பெண்களுக்குள் அவர் அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அதன் பிறகுதான் சொன்னார்: றாஸிக் பக்கத்தில் இருந்ததாகவும், றாஸிக்குக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும் என்பதால், இதுவா, அதுவா என்று இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்ததாகவும். திறக்கச் சுணங்கியதால் படங்கள் முழுவதையும் கடைக் கம்பியூட்டருக்கு மாற்றியதாகவும், பிறகு அழித்துவிட்டதாகவும் சொன்னார். அழித்ததை யார் கண்டது என்று கேட்டேன். "றாஸிக்தான் அழிச்ச" என்றார். எனக்குக் கை ஓங்கியது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் அத்தோடு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

அதன் பின்னர் உம்மா என் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். "சாம்பல் கதயச் சொல்லு மகள். அந்தப் பொடியன உட்டுருவாங்க. ஒருத்தருக்கும் நட்டமில்ல. இவண்ட கலியாணத்த உண்ட கையால குழப்பாத" என்றார். உம்மா சொன்னதில் பாதி சரி. சாம்பல் கதையைச் சொன்னால் கோகுலன் வீட்டுக்குப் போவார், தம்பிக்குக் கலியாணம் நடக்கும், எனக்கும் தொழில் இருக்கும். ஊர் ஒரு கிழமை சிரித்துவிட்டு நோன்பு பிடிக்கும். படங்களில் இருக்கும் பெண்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது. எந்தக் கடையில் எந்தக் கம்பியூட்டரில் தங்கள் முகம் கிடக்கிறது என்று தெரியாமல் அவர்கள் அதே கடைக்குப் போய்ப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி அடிப்பார்கள்.

இன்று காலை உம்மாவுக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உம்மாவும் கூடவே வந்தார். தம்பி என்பதால் யோசித்துச் சொல்லுமாறு நீங்கள் கேட்டீர்கள். இரவு முழுக்க யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கோகுலன் என் லெப்டொப்பில் பெற்றரி மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவர் மேல் நான் கொடுத்த முறைப்பாட்டை முழுமையாக மீளப்பெறுகிறேன். என்னிடம் இருந்த பெண்களின் படங்களை அனுமதியின்றி எடுத்துப் பார்த்தவர் என் தம்பி அப்துல் ஸமட் ஜெஸீம். உடனிருந்து பார்த்தவர் றாஸிக். அந்தக் கடைக் கம்பியூட்டரை, அவர்களுக்குக் கதை போய்ச் சேர முன்னர், இன்றே எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். லெப்டொப்பையும் கத்தியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். லெப்டொப்பைத் திறந்தால் கத்தியின் நுனி உள்ளே இருக்கும் என்று நம்புகிறேன். படங்களைப் பார்க்க வேண்டி வந்தால் பெண் உத்தியோகத்தர் ஒருவர் மட்டும் பார்க்க வேண்டும். ஜெஸீமுக்குப் பேசிய பெண்ணின் பெயரை நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அதை நான் சொல்ல மாட்டேன். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. இந்தத் தாளில் அவர் பெயர் எதற்கு?

இனி என்னை யாரும் கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தந்த வீடுகளுக்கு நானே போய்ச் சொல்வேன்.

என் உம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சொப்பிங் பையில் ஒரு கைப்பிடித் தும்பும், கடதாசியில் மடித்த சாம்பலும் இருக்கின்றன. நீங்கள் நம்பாவிட்டால் காட்டுவதற்கென்று கொண்டுவந்திருக்கிறார். நான் சாம்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் காத்திருக்கிறார். கோகுலனை முதலில் அவர் மனைவியிடம் அனுப்பிவிடுங்கள். உம்மாவைக் கூப்பிட முன்னர் எனக்குச் சற்று நேரம் தாருங்கள். இதை அவர் உங்கள் வாயால் கேட்கக் கூடாது.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு இடத்தில், தம்பி "ஒரு பெண்ணின் படத்தை" பார்த்ததாக எழுதப்பட்டிருந்தது. அது அவர் சொன்னது. அதை வெட்டி, "பெண்களின் படங்களை" என்று எழுதச் சொன்னேன், எழுதப்பட்டது. மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை. விளங்கிக்கொண்டு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஸ. நபீலா